டைட்டிலில் பெயர் வராதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், படத்துக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

படம் பார்த்த பலரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒரு ஊரையே வைத்து எடுத்துவிட்டு நன்றி கார்டில் நாலே நாலு பெயரைப் போட்டிருக்கிறீர்களே என்று. நாங்கள் முதலில் எழுதி வைத்த பட்டியல் நீளமானது. பெயரை எப்படிப் போட வேண்டும், இனிஷியல் என்ன என்று கேட்க ஒவ்வொருவருக்கும் போன் செய்தோம். பாதிப் பேருக்கு மேல் இனிஷியலே சொல்லவில்லை. "பேரெல்லாம் வேண்டாம் தம்பி, நீங்க நல்லாருங்க" என்றார்கள். சிலர் காரணமும் சொன்னார்கள். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், சங்கத்தில் பேச்சு வரும், மச்சான் வீட்டோடு இப்போதுதான் சமாதானம் ஆகியிருக்கிறது, இப்படி. சாதியைப் பற்றிய படத்துக்குத் திண்ணை கொடுத்தோம் என்று வெளியே தெரிந்தால் சொந்தத் தெருவிலேயே பதில் சொல்ல வேண்டிவரும். ஊருக்குள்ளிருந்தும் இதே பதில், காலனியிலிருந்தும் இதே பதில்.

அதனால் இந்த மடலிலும் பெயர்கள் இல்லை. ஊர்ப் பெயரும் இல்லை. தாமிரபரணிப் பாசனத்தில், ஒரு பக்கம் வாழையும் மறுபக்கம் பனையுமாக இருக்கிற ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும், அது போதும்.

முதலில் அந்த உடற்பயிற்சி ஆசிரியருக்கு. எங்கள் கதை இரண்டு பள்ளிக்கூடப் பையன்களைப் பற்றியது. கையில் கட்டுகிற கயிறுதான் அதில் பிரச்சினையின் ஆரம்பம். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் கயிற்றின் நிறத்தை வைத்தே யார் எந்தச் சாதி என்று சொல்லிவிடலாம் என்பது புதுச் செய்தி இல்லை. 2019இல் பள்ளிக்கல்வித் துறை இதற்கென்றே ஒரு சுற்றறிக்கை விட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தபோது, கயிறும் நெற்றியில் வைக்கும் அடையாளமும் பள்ளிக்குள் கூடாது என்று பரிந்துரைத்தது. இத்தனைக்குப் பிறகும் கயிறு போய்விடவில்லை, முழுக்கைச் சட்டைக்குள் போயிருக்கிறது. இதை எங்களுக்குக் காட்டியவர் அந்த ஆசிரியர்தான்.

படத்தில் எந்தச் சாதியின் பெயரையும் சொல்லக் கூடாது, எந்தச் சாதியின் நிறத்தையும் காட்டக் கூடாது என்று முடிவெடுத்திருந்தோம். கலை இயக்குநர் ஒரு பை நிறையக் கயிறு வாங்கிவந்து ஆசிரியர் வீட்டுத் தரையில் பரப்பினார். ஆசிரியர் ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைத்தார். சிவப்பு ஆகாது, மஞ்சள் ஆகாது. பச்சையும் காவியும் கேட்கவே வேண்டாம். நீலமா, பேச்சே இல்லை. இரண்டு நிறம் சேர்த்து முறுக்கியது இன்னும் மோசம், அதற்கும் ஆள் இருக்கிறது. பை காலியாகிவிட்டது. கடைசியில் வெள்ளை நூலை வாங்கி நாங்களே சாயம் போட்டோம். ஒன்று சாம்பல், இன்னொன்று மங்கலான பழுப்பு. "இந்த ரெண்டும் யாருக்கும் வேண்டாம், தைரியமா கட்டுங்க" என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: ஒரு பையன்கூட அந்தக் கயிற்றோடு வீட்டுக்குப் போகக் கூடாது. தினமும் பேக்கப் சொன்னதும் கேட்டில் நின்று, கயிறுகளை எண்ணி வாங்கி டப்பாவில் போட்டது அவர்தான். ஒருநாள் ஒன்று குறைந்தது. தேடி எடுக்கும்வரை வேனை நகரவிடவில்லை.

அடுத்து, டீக்கடை அண்ணாச்சி. கடையைக் கேட்டதும் தந்துவிட்டார். "போர்டை மட்டும் மாத்திருங்க. எங்க கடைல எல்லாருக்கும் ஒரே கிளாசுன்னு ஊருக்கே தெரியும், படத்துல பாத்துட்டு எவனும் என்னைக் கேக்கப்பிடாது" என்றார். நியாயம்தானே. போர்டை மாற்றி, முன்னால் ஒரு ஓலைத் தாழ்வாரமும் இறக்கி, கடையை நாற்பது வருஷம் பின்னால் கொண்டுபோனோம்.

தாத்தா டீ குடிக்கும் காட்சி அங்கேதான் எடுத்தோம். ஸ்கிரிப்டில் சிரட்டை என்று எழுதியிருந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த காலனிப் பெரியவர் எழுந்து வந்தார். "சிரட்டையெல்லாம் எங்கப்பன் காலத்துல. எங்களுக்குக் கிளாசு வந்துட்டு. தாழ்வாரக் கம்புல மாட்டிக் கெடக்கும்" என்று தொடங்கியவர், நடித்தே காட்டிவிட்டார். கிளாஸை நாமே எடுத்து, நாமே கழுவி, கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். கடைக்காரர் மேலேயிருந்து ஊற்றுவார், பாத்திரம் கிளாஸில் பட்டுவிடக் கூடாது. குத்தவைத்துக் குடித்துவிட்டு, திரும்பக் கழுவி, அதே கம்பில் மாட்ட வேண்டும். எல்லாம் சொல்லி முடித்து, போகிற போக்கில் சொன்னார்: "டீக்குத்தான் தனிக் கிளாசு. காசுக்குத் தனி டப்பா கெடையாதுவே." தியேட்டரில் கைதட்டு வாங்கும் வசனம் அது. என் பெயரில் போகிறது. வசன உதவி என்று உங்கள் பெயரைப் போடுகிறோம் என்று எவ்வளவோ கேட்டோம். "நான் சொன்னது வசனமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஐயா, அந்தக் கைதட்டு உங்களுடையது.

சின்னப் பையனாக நடித்தவனின் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு மத்தியானத்துக்கு மேல்தான் மகனைக் கூட்டிக்கொண்டு வருவார், அவன் காட்சிகளை அதற்கேற்ப மாற்றி வைத்தோம். ஒருநாள் அடுத்த நாள் காட்சி என்ன என்று கேட்டார். பையன் எல்லோர் முன்னாலும் ஒருவர் காலில் விழுகிறான் என்றேன். "அடிவாங்குத மாதிரி எடுங்க. காலுல விழுத மாதிரி மட்டும் எடுக்காதீங்க சார். நாளைக்கு இவன் பள்ளியூடத்துல படிக்கணும்" என்றார். அன்று இரவே காட்சியை மாற்றி எழுதினேன். விழச் சொல்கிறார்கள், அவன் நின்றுகொண்டே இருக்கிறான், அவ்வளவுதான். படத்தில் எனக்குப் பிடித்த இடம் இப்போது அதுதான்.

சுடலைமாடன் கோயில்களில் மகுடம் என்ற பறையை அடித்துச் சாமி கதை பாடும் கணியான் கூத்துக் குழுவினருக்குத் தனி வணக்கம். 'பரியேறும் பெருமாள்' படத்தில் கூத்துக் கலைஞர் தங்கராசு ஐயா நாயகனின் அப்பாவாக வந்து நின்ற பிறகு, கூத்துக் கலைஞரை எழுதும் எவருக்கும் கொஞ்சம் பயம் இருக்க வேண்டும், எனக்கும் இருந்தது. கோயில் கொடைத் திருவிழா சீசனில் உங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் தேதி கேட்டு உங்கள் வீட்டு வாசலிலேயே கிடந்தோம், கோபிக்காமல் தேதி ஒதுக்கினீர்கள். உண்மையான சுடலைமாடன் கோயிலில் எடுக்க ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, அதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை. தரிசில் ஒரு பீடம் கட்டினோம். தெர்மோகோலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிசும்தான். இரண்டாம் நாளே அதில் யாரோ பூ வைத்திருந்தார்கள். ஷூட்டிங் முடிந்து பிரிக்கப் போனபோது குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி குறுக்கே வந்தார். பீடம் என்று ஒன்று வைத்தாயிற்றென்றால் சும்மா இடிக்கக் கூடாது என்று மகுடத்தை எடுத்து நாலு வரி பாடி, பழமும் சூடமும் காட்டி, அப்புறம்தான் கைவைக்க விட்டார். அதற்குச் சம்பளம் வாங்கவில்லை.

வழக்கறிஞர் அக்கா ஒருவர் ஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்தார். வன்கொடுமை வழக்கை 1995 விதிகளின்படி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். ஸ்டேஷன் காட்சியில் ஜீப்பிலிருந்து டி.எஸ்.பி. இறங்குவது அவர் சொல்லித்தான். அந்த நடிகருக்கு சல்யூட் அடிக்கக் கற்றுக்கொடுத்த ஓய்வுபெற்ற ஏட்டையாவுக்கும் நன்றி.

மேலத்தெருவில் வீடு கொடுத்த ஓய்வுபெற்ற தம்பதிக்கு உறவுக்காரர்கள் போன் செய்தபடி இருந்தார்கள் என்பது எங்களுக்குக் கடைசி வாரத்தில்தான் தெரியும். அதுவும் சமையல்காரம்மா சொல்லி. கேட்டபோது, "ஷூட்டிங் முடியட்டும், பிறகு பாத்துக்கிடலாம்" என்று பெரியவர் காபி கொடுத்தார். பிறகு என்ன ஆயிற்று என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எடிட்டர், இசை, ஒலிப்பதிவு, சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுத்த ஒளிப்பதிவாளர், வட்டியில்லாமல் பணம் கொடுத்த நண்பர்கள்: உங்கள் பெயர்கள் திரையில் இருக்கின்றன. இங்கே கோபித்துக்கொள்ளாதீர்கள். லைவ் சவுண்ட் எடுக்கிறோம் என்று சொன்னதும் பம்புசெட்டை நிறுத்திவைத்த வாழைத்தோட்டக்காரருக்கு மட்டும் இன்னொரு தரம் நன்றி, தண்ணீர் முறை தவறினால் என்ன ஆகும் என்பது எங்களுக்கும் தெரியும்.

படத்தை உங்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ஊரில் எங்கே திரை கட்டினாலும் அது யார் இடம் என்ற பேச்சு வரும் என்பதால், பக்கத்து டவுனில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்திருக்கிறோம். வேன் இரண்டு தெருவுக்கும் வரும், தேதியை போனில் சொல்கிறோம். உங்கள் பொருட்கள் சில எங்கள் அறையில் இருக்கின்றன: ஒரு பித்தளைக் குத்துவிளக்கு, இரண்டு கோரைப்பாய், ஒரு மர ஏணி, கைப்பிடியில் பச்சை பெயின்ட் அடித்த அரிவாள்மணை. விளக்கு யாருடையது என்று தெரியும், மற்றவை தெரியவில்லை. அதே வேனில் கொண்டுவருகிறோம், அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
இயக்குநரும் படக்குழுவினரும்