சூரியனில் துளை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த சூரியப் புயல் கட்டுரையின் படத்துக்குக் கீழே 'சூரியனில் விழுந்த ராட்சதத் துளை' என்று அச்சிட்டிருந்தீர்கள். அது துளை அல்ல, தகடு. கருவிக்குள் வேண்டுமென்றே வைத்த தகடு.

சூரியனைக் கண்காணிக்க 1995 டிசம்பரில் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ கருவி எடுத்த படம் அது. சூரிய முகத்தின் வெளிச்சத்துக்கு முன்னால், அதைச் சூழ்ந்த கரோனா என்ற மெல்லிய வெளி மண்டலம் கண்ணுக்கே தெரியாது. ஆகவே ஒரு வட்டத் தகட்டால் முகத்தை மறைத்து, ஓயாத கிரகணம் ஒன்றைக் கருவிக்குள்ளேயே நடத்துகிறார்கள். தகட்டின் நடுவில் மெல்லிய வெள்ளை வளையம் தெரிகிறதே, சூரியனின் அளவு அவ்வளவுதான். அடையாளத்துக்காகப் பிறகு வரைந்தது. படத்தின் நீல நிறமும் பூசியதே. ஓரமெங்கும் சிதறியிருக்கும் வெள்ளைப் பொட்டுகள் எல்லாம் நட்சத்திரங்களும் அல்ல. வெடிப்பில் கிளம்பிய புரோட்டான்கள் கேமராவின் உணரியையே வந்து மோதினால் இப்படித்தான் பனி கொட்டியதுபோல் இருக்கும்.

படக்குறிப்பையாவது பொறுத்துக்கொள்ளலாம். 'சனி இரவு 9 மணிக்குத் தாக்கும், இணையம் முடங்கும்' என்ற தலைப்பைத்தான் ஏற்க முடியவில்லை. ரயில் கால அட்டவணையா இது? கரோனாவிலிருந்து ஒரு பிழம்பு கிளம்பியதையும் அதன் வேகத்தையும் லாஸ்கோ போன்ற கருவிகள் காட்டும். வந்து சேரும் நேரம் பல மணி முன்பின் ஆகும். அதைவிட முக்கியம், பிழம்பு சுமந்துவரும் காந்தப்புலம் எந்தத் திசை பார்க்கிறது என்பது. தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தப்புலத்தோடு பிணைந்து ஆற்றலை உள்ளே கொட்டும். வடக்கு என்றால் பெரும்பாலும் உரசிக்கொண்டு போய்விடும். இந்தத் திசையைப் படம் சொல்லாது. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, எல்1 என்ற புள்ளியில் நிற்கும் விண்கலங்களின் காந்தமானிதான் சொல்லும். நம் ஆதித்யா-எல்1 கலத்திலும் ஒன்று இருக்கிறது. ஆனால் பிழம்பு அங்கே வந்த பிறகுதானே அளக்க முடியும்? விநாடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நமக்கு ஒரு மணி நேரம் மிஞ்சும். 1,500 என்றால் பதினேழு நிமிடம்கூட முழுதாக இல்லை.

2024 மே மாதத்தில் அமெரிக்க விண்வெளி வானிலை முன்னறிவிப்பு மையம், புயலின் வலிமையைக் குறிக்கும் ஐந்து படிகளில் நான்காவதை எதிர்பார்த்து எச்சரித்தது. வந்ததோ ஐந்தாவது. அப்போதும் இணையம் முடங்கவில்லை; ஜிபிஎஸ் துல்லியத்தை நம்பி விதைத்துக்கொண்டிருந்த டிராக்டர்கள்தான் அங்கே தடுமாறி நின்றன.

படக்குறிப்புக்கு இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். படத்தையும் மறுபடி வெளியிடுவதாக இருந்தால், வெள்ளை வளையம் முழுதாகத் தெரியட்டும். சென்ற முறை பாதி வளையம் விளம்பரத்துக்கு அடியில் போய்விட்டது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்