டியாஸ் ஏன் உட்கார்ந்தான்?

அன்புள்ள கண்ணா,

போன வாரம் நீ போனில் கேட்டது மனசைவிட்டுப் போகவே இல்லை. 'தி கிரே' படத்தில் டியாஸ் ஏன் மேலே நடக்காமல், சாவு வரட்டும் என்று ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டான் என்றாய். பதில் சொல்ல வராமல் பேச்சை மாற்றிவிட்டேன். நேற்று ராத்திரி படத்தைத் தனியாக இன்னொரு தடவை பார்த்தேன்.

அலாஸ்காவில் எண்ணெய்க் கிணற்று ஆட்கள் வந்த விமானம் விழுந்த கொஞ்ச நேரத்தில் லெவண்டன் இறந்துவிடுகிறான். அவனை விட்டால் உயிரோடு மிச்சம் ஏழு பேர், அவர்களை ஓநாய்கள் துரத்துகின்றன. அதில் ஓநாய் கொன்றதை நாம் பார்ப்பது ஹெர்னாண்டஸ், ஃப்ளானரி, டால்கெட் மூன்று பேரைத்தான். டால்கெட்கூட மரத்திலிருந்து விழுந்து அசைய முடியாமல் கிடந்தவன். அந்த நிலையில் அவன் கண்ணுக்குத் தெரிவது அவன் மகள். அங்கே படத்தை நிறுத்திவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பர்க்கைக் குளிரும் மலை உயரமும் கொண்டுபோய்விட்டன.

டியாஸ் விஷயத்துக்கு வருகிறேன். செத்தவன் பர்ஸை எடுத்தவன், செத்த ஓநாயின் தலையை அறுத்து எறிந்தவன், எதற்கும் பயமில்லை என்று கத்தியவன். அவ்வளவு கத்தல் எதற்கு என்று கடைசியில்தான் புரிகிறது. திரும்பிப் போனால் பகலெல்லாம் எண்ணெய்க் கிணற்று வேலை, ராத்திரியெல்லாம் குடி. கால் வலி ஒரு சாக்கு. அவனுக்காகக் காத்திருக்க ஓர் ஆள் இல்லை, அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

ஹென்ட்ரிக்கைப் பற்றி நீ கேட்கவே இல்லை. பிழைக்க வேண்டும் என்று கடைசிவரை நினைத்தவன் அவன். ஆற்றில் பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்கிறது. முகத்துக்கு மேல் கொஞ்சம் தண்ணீர்தான். எல்லோரையும் வழிநடத்தி வந்த ஆட்வே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்துப் பார்க்கிறான். நடக்கவில்லை. இந்தச் சாவுக்கு என்னால் ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை.

கடைசியாக மிஞ்சும் ஆட்வே ஓநாய்க் குகைக்கே போய்ச் சேர்வது நிஜத்தில் பொருந்தாது. குட்டி போடும் வசந்த காலத்தில்தான் ஓநாய்கள் குகையில் தங்கும், பனிக்காலத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். சரி, அது போகட்டும். படத்தின் ஆரம்பத்தில் துப்பாக்கியை வாயில் வைத்தவன் இவன்தானே? அவன் முடிவில் பனியில் மண்டியிட்டு, செத்தவர்களின் பர்ஸ்களை ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே இருக்கும் குடும்பப் படங்களைப் பார்க்கிறான். அப்புறம் கையில் கத்தியோடு எழுந்து நிற்கிறான். அந்த முகங்கள்தான் அவனை எழுப்பின என்று நினைக்கிறேன்.

கண்ணா, போனை வைக்கும் முன்னால் நீ சொன்னாய்: "டியாஸ் செய்ததுதான்மா சரி." இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதினேன். படத்தைப் பற்றி மட்டும்தான் சொன்னாயா? ஞாயிற்றுக்கிழமைவரை தள்ளிப்போடாதே. இதைப் படித்ததும் கூப்பிடு, எந்த நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா