வேலையை விடலாமா என்று கேட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நாள் முழுவதும் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்துவிட்டு வீடு திரும்பினால் தூரிகையைத் தொடவே கை எழவில்லை என்றும், வேலையை விட்டுவிடலாமா என்றும் நீ எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை. அந்த மனத்தோடுதான் சென்ற வாரம் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போய், அதை உருவாக்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் படங்களுக்கு முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தேன்.

1911இல் கோயம்புத்தூரில் பிறந்த அவர், குடும்பச் சூழலால் படிப்பை நிறுத்தித் தந்தித் துறையிலும் பின்னர் காப்பீட்டு நிறுவனத்திலும் வேலை பார்த்தார். 1936இல் சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு 25 வயது. பிறகு அங்கேயே ஆசிரியராகி, 1957 முதல் பத்தாண்டுகள் முதல்வராகவும் இருந்தார்.

நீ கவனிக்க வேண்டியது அந்தப் பத்தாண்டுகளைத்தான். தென்னையையும் நீர்நிலைகளையும் நீர்வண்ணத்தில் அழகாகத் தீட்டிப் பெயர் பெற்றிருந்த கை, 1963இல், அதாவது நிர்வாகமும் மாணவர்களும் நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கியது. ஜாதகக் கட்டம் போன்ற சதுரங்கள், கணக்குக் குறிகள், மலையாள எழுத்தின் சாயல் இருந்தும் எந்த மொழியிலும் படிக்க முடியாத வரிகள், அவற்றுக்கு நடுவே சிறு உருவங்கள் என்று அந்தப் படங்கள் விரிகின்றன. படிக்கத் தெரியாத ஏட்டைக் கையில் வைத்திருக்கும் குழந்தையைப் போல நான் அவற்றின் முன் நின்றேன். கற்பித்ததனால்தான் அவை பிறந்தன என்று நான் துணிந்து சொல்ல மாட்டேன். கற்பித்தல் அவற்றைத் தடுக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

படித்து முடித்து வெளியேறும் மாணவர்கள் பிழைப்புக்காக ஓவியத்தைக் கைவிடுவதைக் கண்டு அவர் வருந்தியிருக்கிறார். மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருவாயில் அவரும் மாணவர்களும் 1966இல் கடற்கரையோரம் நிலம் வாங்கி உருவாக்கியதே சோழமண்டலம். வயிற்றுக்குக் கைவினை, மனத்துக்கு ஓவியம் என்று பிரித்துக்கொண்டதால், வாங்குபவரின் விருப்பத்துக்காகப் படத்தை வளைக்க வேண்டிய தேவை அவர்களுக்குக் குறைந்தது. உன் மாதச் சம்பளமும் அதே காவலை உனக்குத் தருவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே, இந்தக் கல்வியாண்டு முடியும்வரை வேலையை விடாதே. களைத்த மாலையை விட்டுவிட்டு, பள்ளிக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் படத்துக்கு வைத்துப் பார். பெரிய திரை வேண்டாம். மடியில் வைத்து வரையும் அளவுக்கு ஒரு தாள் போதும். கோடை விடுமுறைக்கு வரும்போது வரைந்தவற்றை எல்லாம், பிடிக்காதவற்றையும் சேர்த்து, எடுத்து வா. இருவருமாக ஈஞ்சம்பாக்கம் போவோம். இந்த முறை அந்தப் படங்களை நீ எனக்குப் படித்துக் காட்டு.

அன்புடன்,
அம்மா