இட்டேரியை வரைபடத்தில் ஏற்றுங்கள்: எங்கள் ஊர்க் கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும், அக்கா தங்கச்சிகளுக்கும், புதிதாக மனை வாங்கி நம் ஊருக்குக் குடிவந்திருக்கிற எல்லோருக்கும் வணக்கமுங்க.

வரும் அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை. அதில் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நம் ஊரில் மிச்சம் இருக்கிற இட்டேரிகள், மழைத் தண்ணீர் ஓடுகிற பள்ளங்கள், குட்டைக்குத் தண்ணீர் வருகிற தடங்கள் எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு எழுதி, வரைபடத்தில் குறித்து, ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே சேர்க்க வேண்டும். இனி எந்த மனைப்பிரிவுக்கு ஊராட்சி கையெழுத்துப் போட்டாலும் அந்த வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்காக இட்டேரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இரண்டு தோட்டத்து வேலிகளுக்கு நடுவே போகிற தடம்தான் இட்டேரி. அவினாசி, காங்கேயம், தாராபுரம் பக்கமெல்லாம் ஊருக்கும் தோட்டத்துக்கும் போக வர இதுதான் வழி. ஒரு மாட்டு வண்டி போகிற அகலம் இருக்கும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி. யாரும் தண்ணீர் ஊற்றி வளர்த்ததில்லை. கிளுவைக் குச்சியை வெட்டி நட்டால் போதும், அது பாட்டுக்குத் தழைத்துக்கொள்ளும்.

எங்கள் தோட்டத்துக்குக் கிழக்கே போகிற இட்டேரியில் ஒரு நாள் காலையில் நின்று நிதானமாகப் பார்த்தேன். முப்பது எட்டு எடுத்துவைக்கிற தூரத்துக்குள் பிரண்டை, கோவைக்கொடி, வேலிப்பருத்தி, ஆவாரை, சங்குப்பூ, கற்றாழை எல்லாம் இருந்தன. நெஞ்சுச் சளிக்கு ரசம் வைக்க என்று அப்பத்தா ஒருத்தர் முசுமுசுக்கை பறித்துக்கொண்டிருந்தார். அவர் கையை நீட்டிய இடத்திலிருந்து ஒரு கௌதாரி நாலு குஞ்சுகளோடு குறுக்கே ஓடி அந்தப்பக்கத்து வேலிக்குள் புகுந்துகொண்டது. வேலியடியில் கீரிப்பிள்ளை வளை ஒன்று, அதற்கு மேலே கிளையில் ஓணான். இவ்வளவும் ஒரு வீட்டு வாசல் நீளத்துக்குள்.

அன்றைக்கு நான் பார்க்கப் போனது இதையெல்லாம் அல்ல. தரையைப் பார்க்கத்தான் போனேன். முந்தின நாள் ராத்திரி மழை. இட்டேரியின் நடுவில் தண்ணீர் ஓடிய கோடு மணலில் அப்படியே பதிந்திருந்தது. இரண்டு பக்கக் காடுகளையும்விட, அதாவது விளைநிலங்களைவிட, இட்டேரி ஒரு முழம் தாழ்வு. பெய்கிற மழை காட்டிலிருந்து இதில் இறங்கும். கூட வருகிற மண்ணைக் கிளுவையின் வேர் பிடித்து வைத்துக்கொள்ளும். தெளிந்த தண்ணீர் மெல்லமாகப் பள்ளத்துக்குப் போகும், பள்ளம் குட்டைக்குப் போகும். எங்கள் அப்பாரு இதை இட்டேரி என்று சொன்னதைவிட ‘மழைத்தடம்’ என்று சொன்னதுதான் அதிகம்.

இப்போது குட்டைக்கு வருவோம். அத்திக்கடவு–அவினாசித் திட்டம் எத்தனை வருசக் கனவு என்று நம் எல்லோருக்கும் தெரியும். மனு கொடுத்தே வயசானவர்கள் நம் ஊரிலும் உண்டு. 2019-ல் அடிக்கல் நாட்டி, 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி தொடங்கிவைத்தார்கள். சுமார் 1,916 கோடி ரூபாய் செலவு. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வைத்து ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 ஏரி குளம் குட்டைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். வருசத்துக்கு 1.5 டிஎம்சி, அதுவும் ஆற்றில் உபரி ஓடுகிற ஒரு 70 நாள் கணக்கு. நம் குட்டையிலும் குழாயில் தண்ணீர் விழுந்த அன்றைக்குப் பூப் போட்டுக் கும்பிட்டோம். அந்தச் சந்தோசத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து மேடு ஏற்றித் தண்ணீர் கொண்டுவந்த அதே காலத்தில், நம் தலைக்கு மேல் பெய்கிற மழை நம் குட்டைக்கு வருகிற வழியை நாமே அடைத்துவிட்டோம். ஊருக்கு வடக்கே மூன்று இட்டேரிகள் இருந்தன. ஒன்றுதான் மிச்சம். ஒன்று தார்ச்சாலைக்கு அடியில் போய்விட்டது. இன்னொன்றை இரண்டு பக்கத்து நிலத்தையும் ஒரே ஆள் வாங்கி, ஜேசிபி விட்டு ஒரே நாளில் வழித்து எடுத்தார். கிளுவை வேர் குவியல் குவியலாகக் கிடந்து எரிந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள்.

அந்த இடத்தில் வந்த மனைகளில்தான் போன மழைக்கு ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் ஏறியது. ஆறு வீட்டில் முழங்கால் அளவு. சாலையை இரண்டடி உயர்த்திப் போட்டு, தண்ணீர் போக ஓரடிக் குழாய் ஒன்றைப் புதைத்திருந்தார்கள். அதிலும் பாதி சிமெண்ட் சாக்கு அடைத்துக் கிடந்தது. நாங்கள் நாலு பேர் மண்வெட்டியோடு போய்ச் சாலையோரத்தை வெட்டிவிட்டோம். ஒரு வீட்டில் பிரிட்ஜைக் கட்டில்மேல் தூக்கிவைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அந்தத் தம்பி நின்றுகொண்டிருந்தார். மறுநாள் காலையில் அவர் மகளுடைய பாடப் புத்தகங்கள் துணி காயப்போடுகிற கொடியில் வரிசையாகத் தொங்கின. பனியன் கம்பெனியில் பத்துப் பன்னிரண்டு வருசம் ஓவர்டைம் பார்த்து, மேலே வங்கிக் கடனும் வாங்கிக் கட்டிய வீடு அது. இது மழைத்தடம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எழுதி வைத்திருந்தால்தானே சொல்ல?

அதைக் கேட்கத்தான் நான் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம், யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சர்வே எண் வாரியாக நிலத்தை அளந்து வரைந்த புலப்படத்தை எடுத்துக் காட்டி, ‘இதில் ஓடையே இல்லையே, பெரியவரே’ என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஓடை புறம்போக்கு, வண்டிப்பாதை என்று வருவாய்க் கணக்கில் ஏறியவை கொஞ்சம்தான். மீதி இட்டேரிகள் பட்டா நிலத்துக்குள் அவரவர் ஒதுக்கிவிட்டவை. அவை பத்திரத்தில் ‘மாமூல் தடம்’ (வழக்கமாகப் போய்வருகிற வழி), ‘ஆள் மாடு வண்டி போய் வர வழிநடை பாத்தியம்’ என்று ஒரு வரியில் இருக்கும். அந்தப் பத்திரம் யார் வீட்டுப் பீரோவிலோ இருக்கும். எல்லோர் மனசிலும் இருக்கிற தடம் எந்தப் படத்திலும் கிடையாது. இரண்டு தலைமுறைக்கு இது போதுமானதாக இருந்தது, ஏனென்றால் வாங்குகிறவரும் விற்கிறவரும் இதே ஊர்க்காரர்கள். இனி அப்படி இல்லை.

நிலம் விற்றவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறந்தவர்கள், பிள்ளைகள் திரும்ப வராத வீட்டுக்காரர்கள், பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேறு வழியில்லாதவர்கள் விற்றார்கள். நானும் ஒரு ஏக்கர் விற்றேன். விற்கும்போது வடக்கு வேலியோரத் தடத்தைப் பத்திரத்தில் எழுதச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

சரி, சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்று பார்ப்போம். 2011-லிருந்து 2016 வரை வார்டு உறுப்பினராக இருந்ததில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப அனுமதியை நகர் ஊரமைப்புத் துறை கொடுக்கிறது. ஆனால் கடைசி அனுமதி ஊராட்சியிடமிருந்துதான் வர வேண்டும். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது இரண்டரை ஏக்கர் அளவைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீத இடத்தைப் பொது ஒதுக்கீடாக ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பூங்கா என்று போர்டு வைக்கிறார்களே, அந்த இடம். நம் ஊரில் அப்படி வந்த இடங்களைப் போய்ப் பாருங்கள். ஒன்று மின்கோபுரக் கம்பிக்கு அடியில், இன்னொன்று சீமைக்கருவேல் முளைத்த ஒரு முக்கோண மூலை. இருக்கிறதிலேயே விலை போகாத துண்டைத்தான் ஊருக்குக் கொடுக்கிறார்கள். எதை வாங்குவது என்று நம்மிடம் ஒரு திட்டம் இருந்திருந்தால், ‘இட்டேரியை ஒட்டிய இடத்தைக் கொடுங்கள், தண்ணீர் இறங்குகிற மூலையைக் கொடுங்கள்’ என்று ஆரம்பத்திலேயே கேட்டிருக்கலாம். விதிக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. கேட்காமல் விட்டதற்கு விதி பொறுப்பில்லை.

இதைக் கேட்க வேண்டிய தலைவரும் உறுப்பினர்களும் நமக்கு இல்லாமல் போனதையும் சொல்லத்தான் வேண்டும். 2019 டிசம்பரில் நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. ஊராட்சி, தலைவருக்குப் பதிலாக அரசு நியமிக்கிற தனி அலுவலர் கைக்குப் போனது. 2016 அக்டோபருக்குப் பிறகும் மூன்று வருசத்துக்கு மேல் இப்படித்தான் இருந்தோம். தனி அலுவலரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, ஒன்றியம் முழுவதும் உள்ள ஊராட்சிகளை ஒருவரே பார்க்கிறார். எந்த இட்டேரியில் தண்ணீர் ஓடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நாம் எழுதிக் கொடுத்தால் தெரியும். தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை நாம்தான். 1994-ஆம் வருசத்து ஊராட்சிச் சட்டப்படி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். புது மனைகளில் இருப்பவர்கள் ஓட்டை இன்னும் பழைய ஊரில் வைத்திருந்தால் தயவுசெய்து இங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

3,001-லிருந்து 10,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 200 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது அத்தனை பேர் இருக்க வேண்டும். நம் ஊர் அந்தக் கணக்கில் வருகிறது. சென்ற முறை பந்தலில் இருந்தவர்களை நான் எண்ணினேன், அறுபது தேறவில்லை. கையெழுத்து நோட்டு நூறு நாள் வேலை நடந்த இடத்துக்குப் போய்த்தான் நிறைந்தது. அந்தப் பெண்கள் பாவம், எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்று என்னிடமே கேட்டார்கள். அன்றைக்குப் படித்த திட்டப் பட்டியலில் காங்கிரீட் சாலை, தெருவிளக்கு, இன்னொரு காங்கிரீட் சாலை. தண்ணீர் பற்றி ஒரு வரி கிடையாது. 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் சுகாதாரத்துக்கும், குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. குட்டைக்கு வருகிற தடத்தைச் சீர் செய்வது மழைநீர்ச் சேகரிப்பு இல்லாமல் வேறென்ன?

ஊராட்சியால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையைத்தான் காட்டுவேன். 1996-லிருந்து 2006 வரை அங்கே தலைவராக இருந்த ஆர். சண்முகம் காலத்தில், அந்த ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக வாங்கியது. 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். காற்று ஓடந்துறையில் போதாது என்று உடுமலைப் பக்கம் மைவாடியில் கொண்டுபோய் நட்டார்கள். ஊர் தேவைக்குப் போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்றார்கள். நம்மைப் போன்ற ஒரு கிராம ஊராட்சிதான் அது. நான் கேட்பதற்குக் கடன்கூட வேண்டாம். நாலு தாளும் நடப்பதற்கு இரண்டு காலும் போதும்.

தீர்மானம் போட்ட உடனே ஜேசிபி நின்றுவிடும் என்று நான் நினைக்கவில்லை. பட்டா நிலத்துத் தடத்துக்கு வழக்கு என்று போனால் பத்திரமும் சாட்சியும்தான் பேசும். ஆனால் வரைபடம் கையில் இருந்தால் தனி அலுவலர் கையெழுத்துப் போடுமுன் கேள்வி கேட்க முடியும். மனை வாங்க வருகிறவர் ஊராட்சி அலுவலகத்தில் பார்த்துவிட்டு வாங்க முடியும். அப்புறம் இன்னொரு வழியும் உண்டு. 2002-ஆம் வருசத்துப் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதச் சொல்கிறது. நம் இட்டேரியின் கிளுவையும் கௌதாரியும் முசுமுசுக்கையும் அதில் ஏறட்டும். பறித்த அப்பத்தாவையே பக்கத்தில் உட்கார வைத்து எழுதினால், எனக்குப் பெயர் தெரியாத இருபது செடியாவது கூடச் சேரும்.

கிராம சபைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் குட்டைக் கரையில் இருப்பேன். கிராம வரைபடமும் புலப்படங்களும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். அங்கிருந்து பள்ளத்தோடு மேலே நடந்து, வடக்கு இட்டேரி முடிய போய், கிழக்கு இட்டேரி வழியாகத் திரும்பலாம். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். தங்கள் பத்திரத்தில் மாமூல் தடம் என்று எழுதியிருப்பவர்கள் அந்தப் பக்கத்தின் நகலை மட்டும் கொண்டுவாருங்கள். தண்ணீர் ஏறிய ஆறு வீட்டுக்காரர்களும் கட்டாயம் வர வேண்டும், எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவர்கள் காட்டினால்தான் படத்தில் கோடு சரியாக விழும். நூறடி டேப் யாரிடமாவது இருந்தால் எடுத்து வாருங்கள், என்னுடையது ஐம்பதடிதான்.

இப்படிக்கு,
கிழக்கு இட்டேரித் தோட்டத்துக்காரர்,
முன்னாள் வார்டு உறுப்பினர்