பூட்ஸ் பெட்டிக்குள் வைத்த கடிதம்

ஜூரோங் வெஸ்ட்,
சிங்கப்பூர்.
27.05.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பணம் வெள்ளிக்கிழமையே போட்டுவிட்டேன். அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கும் வள்ளத்து எஞ்சினுக்கும் சேர்த்துத்தான். அதைப் போனில் சொல்லியாச்சு. இது போனில் சொல்ல வராத விஷயம். நாம் பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். என்னோடு வேலை செய்கிற மார்த்தாண்டத்துப் பையன் சனிக்கிழமை திருவனந்தபுரம் விமானத்தில் வருகிறான். அவனிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறேன், கடிதம் அதற்குள்.

புது அறை எப்படி என்று கேட்டீர்கள். துவாஸ் டார்மிட்டரியில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர் கிடந்தோமே, அதைப் பார்த்தவனுக்கு இது அரண்மனை. எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதி கிடைத்ததால்தான் வெளியே அறை எடுக்க முடிந்தது. ஒன்பதாவது மாடி. ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயப்போடலாம். வேலைக்கு லாரிப் பின்னால் உட்கார்ந்து போகிற பாடு இல்லை, பஸ்தான். வேலை அதேதான்: கப்பல் டாங்கிக்குள் இறங்கி வெல்டிங், வெளியே வரும்போது சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம்.

வீட்டுக்காரர் இங்கேயே பிறந்த தமிழர். அவர் அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவராம். அவரை அங்கிள் என்றும் அவர் மனைவியை ஆன்ட்டி என்றும் கூப்பிடுகிறேன், இங்கே எல்லாரும் அப்படித்தான். அறை கொடுக்கும்போது ஒரே ஒரு கட்டளை: லைட் குக்கிங். அதாவது கஞ்சி வைக்கலாம், முட்டை அவிக்கலாம், மீன் பொரிக்கக் கூடாது. கடற்கரையில் பிறந்தவனுக்கு எப்பேர்ப்பட்ட தண்டனை! ஆனால் வெள்ளிக்கிழமை நீங்கலாக எல்லா நாளும் ஆன்ட்டியே மீன் பொரிக்கிறார், எனக்கும் ஒரு துண்டு வந்துவிடுகிறது.

நான் சொல்ல வந்தது அங்கிளைப் பற்றி. அவரும் வெல்டர்தான், ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் ஒரு கப்பலைப் பழுது பார்த்தபோது அதன் எஞ்சினியர் ஒரு வெள்ளைக்காரர், நியூகாசில் ஊர். அதுவும் டைன் ஆற்றங்கரையில் கப்பல் கட்டிப் பிழைத்த ஊராம். புறப்படும்போது கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஒரு ஜெர்சியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "அவன் குடுத்தது சட்டை இல்ல தம்பி, சனியன்" என்பார் அங்கிள். இங்கே தடுக்கி விழுந்தால் லிவர்பூல்காரன், எழுந்தால் மேன்செஸ்டர் யுனைடெட்காரன். எல்லாம் இங்கிலாந்து ஃபுட்பால் கிளப்புகள். அவர்கள் நடுவில் இந்த மனிதர் நாற்பது வருடமாக நியூகாசில் யுனைடெட் ரசிகர்.

போன ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு என் கதவைத் தட்டினார். பழைய ஜெர்சி, வயிற்றுப் பக்கம் இறுக்கம். மார்பில் நார்தர்ன் ராக் என்று ஒரு வங்கியின் பெயர். அந்த வங்கியே முழுகிப்போய் 2008-ல் இங்கிலாந்து அரசாங்கம் எடுத்துக்கொண்டது, ஆனால் சட்டையில் பெயர் அழியவில்லை. "வா தம்பி, எங்க திவசத்துக்கு" என்றார். நம் ஊரில் ஆண்டுப் பூசை என்போமே, அது. எனக்கு விளங்கவில்லை. லிஃப்ட்டில் இறங்கும்போதுதான் சொன்னார்: 2009 மே 24, நியூகாசில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய நாள். ஒவ்வொரு வருடமும் இங்கிலாந்து லீக்கின் கடைசி ஞாயிறன்று கீழே கோப்பிக் கடையில் கூடி அதைப் பேசுவார்களாம். முதலில் ஐந்து பேர். ஒருவர் பேரப்பிள்ளைகளோடு பெர்த்துக்குப் போய்விட்டார், ஒருவர் கோவிட் வருடத்தில் தவறிவிட்டார். இப்போது அங்கிள், டாக்ஸி ஓட்டுகிற ஒரு மலாய்க்காரர், ஹார்ட்வேர் கடை வைத்திருந்த ஒரு சீனத் தாத்தா. மலாய்க்காரரை நான் பாக்சிக் என்று கூப்பிடுகிறேன், நம் மாமா மாதிரி ஒரு சொல்.

நீங்கள் அர்ஜென்டினா டீமின் ரசிகர், உங்களுக்கு இந்த இறங்குகிற கூத்து அவ்வளவாகத் தெரியாது. இருபது டீம், கடைசி மூன்று கீழே போகும், அவ்வளவுதான். போனால் டிவி பணம் போகும், நல்ல ஆட்டக்காரன் போவான், திரும்பி வராமலே கிடப்பவனும் உண்டு. நம் திருநாளில் ஏழு பேர் ஆடும் செவன்ஸில் தோற்றால் ராத்திரி கஞ்சியோடு போயிற்று, அடுத்த வருடம் எல்லாரும் முதலிலிருந்து. இங்கே அப்படி இல்லை, தோற்றது ஒரு வருடம் முழுக்கக் கூடவே படுத்து எழும்.

மேசையில் தே தாரிக், அதாவது இங்கத்து ஆற்றிய பால் டீ, வந்ததும் ஆரம்பித்தார்கள். பாதி மலாய், பாதி ஆங்கிலம், எனக்காக அங்கிள் நடுநடுவே தமிழ். அந்த சீசனில் மட்டும் எத்தனை மேனேஜர்! கெவின் கீகன் செப்டம்பரில் கோபித்துக்கொண்டு போனார். ஜோ கின்னியர் வந்தார், அவருக்கு இதய ஆபரேஷன். கிறிஸ் ஹியூட்டன் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டார். கடைசி எட்டு ஆட்டத்துக்கு ஆலன் ஷியரரைக் கூப்பிட்டார்கள். நியூகாசிலுக்காக 206 கோல் அடித்தவர், அந்த ஊரில் சாமி மாதிரி. அறிவிப்பு வந்தது ஏப்ரல் 1. "அன்னிக்கே எனக்குத் தெரியும் லா" என்றார் பாக்சிக். எட்டில் ஜெயித்தது ஒன்றே ஒன்று.

கடைசி நாள் பர்மிங்காமில் ஆஸ்டன் வில்லாவோடு. இங்கே ராத்திரி பதினொரு மணி. நாலு டீம் சாவா வாழ்வா என்று நின்றன: நியூகாசில், ஹல், சண்டர்லேண்ட், மிடில்ஸ்பரோ. கோப்பிக் கடையில் இரண்டு டிவி, ஒன்றில் வில்லா, இன்னொன்றில் ஹல். மேன்செஸ்டர் யுனைடெட் மூன்று நாளில் ரோமில் ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் இருந்ததால் பெரிய ஆட்டக்காரர்களை உட்கார வைத்துவிட்டுச் சின்னப் பையன்களை ஹல்லுக்கு அனுப்பியிருந்தது. அப்படியும் ஹல் தோற்றது. கேளுங்கள் அண்ணா, அன்றைக்கு அந்த நாலு டீமும் தோற்றன! நியூகாசில் ஜெயிக்கவே வேண்டாம், டிரா செய்திருந்தால் போதும். ஹல் 35 புள்ளி, நியூகாசில் 34. டிரா என்றால் புள்ளி சமம், கோல் கணக்கில் நியூகாசில் மேலே. ஒரே ஒரு கோல்தான்.

அந்த ஒரு கோலை அங்கிள் பார்க்கவில்லை. 38-வது நிமிடம், டாய்லெட்டுக்குப் போயிருந்தார். கடையில் திடீரென்று சத்தம் அடங்கியதை உள்ளே இருந்தே கேட்டாராம். அதிலிருந்து இந்த ஞாயிறுகளில் பாதி ஆட்டம் முடிகிறவரை எழுந்திருப்பதில்லை. தே தாரிக்கைக்கூட அளந்துதான் குடிக்கிறார். வில்லாவின் கேரத் பாரி அடித்த பந்து, நியூகாசிலின் டேமியன் டஃப் மேல் பட்டு, திசை மாறி, நியூகாசில் வலைக்குள்ளேயே. செல்ஃப் கோல்.

அண்ணா, எனக்குத் தே தாரிக் தொண்டையில் இறங்கவில்லை. நான் யாரை நினைத்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன், அந்த டஃப்பை நீங்கள் திட்டவில்லையா அங்கிள் என்று. சீனத் தாத்தாவுக்கு அதை அவர் மொழிபெயர்த்தார். மூன்று பேரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். முதலாளியைத் திட்டினார்கள், மேனேஜர்களைத் திட்டினார்கள், அதற்கு முந்தைய வாரம் ஃபுல்ஹாமோடு சொந்த மைதானத்தில் தோற்றதைத் திட்டினார்கள், அந்த ஆட்டத்தில் நியூகாசிலின் விடுகா போட்ட கோலைச் செல்லாது என்ற ரெஃப்ரியை இன்னும் திட்டுகிறார்கள். டஃப்பை மட்டும் இல்லை. "அவன் மேல ஏன் பட்டுச்சு? மறிக்க ஓடி வந்தான், அதான் பட்டுச்சு. ஓடாம நின்னவன் மேல படுமா?" என்றார் அங்கிள். பிறகு விரல் மடக்கிச் சொன்னார்: அதே வருடம் ஆகஸ்ட் 8, இரண்டாம் டிவிஷனில் முதல் ஆட்டம், வெஸ்ட் பிராமோடு. ஒன்றுக்கு ஒன்று டிரா. நியூகாசிலின் அந்த ஒன்றை அடித்தவன் டஃப். அதற்கப்புறம் அவன் வேறு கிளப்புக்குப் போய்விட்டான், ஆனால் அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் போனான் என்பது அங்கிளின் கட்சி. நியூகாசில் அந்த சீசனில் 102 புள்ளி எடுத்து முதலிடத்தில் மேலே வந்தது. 2016-ல் மறுபடி விழுந்தது, இந்த முறை வில்லாவும் சேர்ந்தே விழுந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் சீனத் தாத்தா சிரித்தார்.

பாக்சிக்குக்கு வேறு ஒரு வருடம்தான் பெரிது: 1992. அப்போது சிங்கப்பூர் டீம் மலேசிய லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது, அந்த வருடம் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. கல்லாங் ஸ்டேடியத்தில் அப்பாவோடு உட்கார்ந்து அழுதேன் என்றார். மறு வருடம் ஃபாண்டி அகமதும் நம் சுந்தரமூர்த்தியும் கூடச் சேர்ந்து மேலே ஏறி வந்தார்கள். 1994-ல் லீக்கும் மலேசியக் கோப்பையும் இரண்டுமே இவர்களுக்கு. ஃபைனலில் பஹாங்கை 4-0. "சுந்தரம் கால்ல பந்து இருந்தா யாரும் உக்கார மாட்டாங்க" என்று எழுந்து நின்று காட்டினார். ஒரு மலாய்க்காரர் வாயால் தமிழ்ப் பெயரை அப்படிக் கேட்கும்போது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது, நான் என்னமோ பந்து உதைத்த மாதிரி. இப்போது இங்கே இருக்கிற உள்ளூர் லீக்கில் இறங்குவதே கிடையாது. "கீழ விழ எடமே இல்லாதவன் லீக்கு, யார் பாக்குறது" என்று சலித்துக்கொண்டார்.

அன்றைய ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது, நாங்கள்தான் பாதிப் பார்வையில் இருந்தோம். நியூகாசில் சொந்த ஊரில் எவர்டனிடம் 1-0 தோற்றது. ஆனால் வில்லா மேன்செஸ்டரில் 2-0 தோற்றுவிட்டது. இருவருக்கும் 66 புள்ளி, கோல் கணக்கில் நியூகாசில் ஐந்தாம் இடம், சாம்பியன்ஸ் லீக் வாசல் திறந்தது. 2009-ல் தோற்று விழுந்தவர்கள், இப்போது தோற்றும் ஏறினார்கள், அதுவும் அதே வில்லாவின் தயவில்! மார்ச்சில் கராபாவ் கோப்பையை லிவர்பூலிடமிருந்து தட்டியபோதுகூட அங்கிள் இவ்வளவு சிரிக்கவில்லை. அன்று அழுதார். 70 வருடம் கழித்து உள்நாட்டில் ஒரு கோப்பை, அழாமல் என்ன செய்வார்.

ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. காலையில் வேலை. படுத்தும் தூக்கம் வரவில்லை.

2014 திருநாள் ஃபைனல். கோயில் முன்னால் மணல் மைதானம், ஒலிபெருக்கியில் பங்குச் சாமியார் குரல், கடைசி இரண்டு நிமிடம். நீங்கள் ஓடி வந்து காலை நீட்டினீர்கள், பந்து உங்கள் முழங்காலில் பட்டு உள்ளே போனது. நான் கொடிக்கம்பத்துப் பக்கம் நின்றிருந்தேன், பதினெட்டு வயது, வெட்கத்தில் வீட்டுக்கு ஓடிவிட்டேன். அதற்கு இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. உங்கள் கோலி, கோல்கீப்பர், ஓடவில்லை. உங்களைத் தூக்கி நிறுத்தி, "விடுடே மக்கா, அடுத்த திருநாளுக்குப் பாப்போம்" என்றார். அதைப் பிறகு நீங்கள்தான் வீட்டில் சொல்லிச் சிரித்தீர்கள்.

நீங்கள் ஆட்டத்தை விட்டது அந்த செல்ஃப் கோலால் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ராத்திரி படுத்துக் கணக்குப் போட்டேன். 2015-ல் ஆடினீர்கள். 2016-ல் ஆடினீர்கள், அந்த வருடம் கோப்பைகூட வந்தது, அம்மா பாயாசம் வைத்தாள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல். ஆழ்கடலுக்குப் போன உங்கள் கோலி வரவில்லை, கூட இன்னும் இரண்டு பேர். அடுத்த திருநாளுக்கு நீங்கள் மைதானத்துப் பக்கமே போகவில்லை. நான் பக்கத்தில் இருந்தும் இதைப் பார்க்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அங்கிள் மேசையில் தவறிப்போனவர் பேச்சும் வந்தது. அவர் அந்த 2009 ராத்திரி கோபத்தில் செருப்பைக் கழற்றி டிவி மேல் எறிந்தாராம், கடைக்காரர் மறுநாள் செருப்பைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாராம். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். உங்கள் கோலியைப் பற்றி என்னிடம் பேசுங்கள் அண்ணா. எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். பெனால்டிக்கு முன்னால் இரண்டு கையிலும் மணலை அள்ளித் தேய்ப்பார், அது ஞாபகம் இருக்கிறது. ராத்திரி எட்டரைக்கு மேல் கூப்பிட்டால் அம்மா தூங்கியிருப்பாள்.

அண்ணி சொன்னாள், பையன் பள்ளிக்கூட டீமில் பேக் நிற்கக் கேட்டானாம், நீங்கள் வேண்டாம் என்றீர்களாம். நான் அதில் தலையிடவில்லை. ஆனால் குயின்ஸ்வே ஷாப்பிங் சென்டரில் பூட்ஸ் தள்ளுபடியில் போட்டிருந்தான், வாங்கிவிட்டேன். அண்ணியை நூல் பிடித்து அவன் கால் அளவைப் போட்டோ அனுப்பச் சொன்னேன், உங்களுக்குத் தெரியாமல்தான், அவளைக் கோபிக்க வேண்டாம். வளர்கிற கால் என்று ஒரு நம்பர் பெரிதாக எடுத்திருக்கிறேன்.

அம்மாவுக்குக் கோடாலித் தைலம் இரண்டு குப்பி. உடையாமல் இருக்க சாக்ஸில் சுற்றி ஆளுக்கொரு பூட்ஸுக்குள் திணித்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டுக் காலை நுழைக்கச் சொல்லுங்கள், அவன் அவசரக்காரன்.

உங்கள் தம்பி