சோற்றுக்கு அடியில்

புது தில்லி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து நீ மறுபடியும் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இட்லி மிளகாய்ப்பொடியைத் தாண்டி எதையும் அறியாதவன் என்று என்னைக் கேலி செய்திருந்தாய் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் என்னை லஜ்பத் நகரில் உள்ள ஓர் ஆப்கானிய உணவகத்துக்கு அழைத்துச் சென்றார்கள்.

1947 பிரிவினையில் வீடிழந்து வந்தவர்கள் குடியேறிய பகுதி அது. 1979இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகு வெளியேறி வந்தவர்களில் பலரும் பின்னாளில் அங்கேதான் ஒதுங்கினார்கள். மருந்துக் கடைகளில்கூட ஆப்கானியர் பேசும் தாரி மொழியில் பெயர்ப்பலகைகள். தில்லி மருத்துவமனைகளுக்குச் சிகிச்சைக்காக வந்துகொண்டிருந்த ஆப்கானியரின் வரத்து, 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றிய பின் வெகுவாகக் குறைந்துவிட்டதாம்.

காபூலி புலாவ் கேட்டோம். நீளமாகச் சீவி வதக்கிய கேரட்டும் உலர்திராட்சையும் தூவிய சோறு மட்டுமே தட்டில் வந்தது, இறைச்சியைக் காணோம். ஆளைக் கூப்பிட்டுச் சண்டை பிடிக்க வாயெடுத்தேன். மருமகள் சிரித்துக்கொண்டே கரண்டியால் சோற்றை விலக்க, குழைய வெந்த பெரிய ஆட்டுத் துண்டு அடியில் இருந்தது. சோற்றால் மூடிப் பரிமாறுவதுதான் அவர்கள் வழக்கமாம். நாம் சோறு வடிப்பதைப் போலவே அவர்களும் அரிசியை அரைவேக்காட்டில் வடித்து, பிறகு இறைச்சி வெந்த சாற்றை ஊற்றித் தம்மில் வைக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. சீரகமும் ஏலக்காயும் மணக்கின்றன. காரம் என்பது பேருக்குக்கூட இல்லை.

மந்து என்பது கொத்திறைச்சியும் வெங்காயமும் வைத்து ஆவியில் வேகவைத்த ஒருவகைக் கொழுக்கட்டை. பூண்டுத் தயிரும் பருப்பும் காய்ந்த புதினாவும் அதன்மேல். நீ சைவம் என்பதால் உனக்கும் ஒன்றைக் கண்டுவைத்திருக்கிறேன்: எண்ணெயில் பொரித்த கத்தரிக்காயைத் தக்காளியோடு வேகவைத்துத் தயிர் ஊற்றித் தரும் போரானி. அதை முழம் நீளமுள்ள நான் ரொட்டியில் தொட்டுச் சாப்பிட வேண்டும். கடைசியில் ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர் வந்தது. பாலில்லாத தேநீரை நான் குடித்து முடித்தேன் என்றால் நீ நம்பப் போவதில்லை.

திரும்பும்போது பக்கத்து அடுமனையில் இரண்டு நான் வாங்கிவந்தோம். மறுநாள் காலை, மருமகள் அலுவலகம் போனபிறகு, மீதமிருந்த நானை மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் குழைத்துத் தொட்டுத் தின்றேன். இங்கே வரும்போது அவளிடம் இதைச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
ராகவன்