மட்டை பைக்குள் போனதும் கோபம் முடியட்டும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி நீ போனில் சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஆறு ஹோல் (குழி) வரைக்கும் அருமையாகப் போயிருக்கிறது. ஏழாவதில் பந்து தண்ணீரில் விழுந்து டபுள் போகி, அதாவது அந்த ஹோலுக்கு வைத்த கணக்கைவிட இரண்டு ஷாட் கூடுதல். அதற்கப்புறம் எதுவுமே சரியாக வரவில்லை, ஸ்விங்கை மாற்ற வேறு கோச்சைப் பார்க்கப் போகிறேன் என்கிறாய். வேண்டாம். ஆறு ஹோலுக்கு இருந்த ஸ்விங் ஏழாவதில் எங்கே போய்விடும்?

பதினெட்டு ஹோல் ஆடி முடிக்க நாலு மணி நேரம் ஆகிறது. அதில் மட்டையை வீசும் நேரத்தை மட்டும் கூட்டிப் பார், ஐந்து நிமிஷம்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் நடைதான், மனசு கெடுவதும் அந்த நடையில்தான். கிரிக்கெட்டில் பந்து உன்னைத் தேடி வரும், யோசிக்க நேரமிருக்காது. இங்கே பந்து அசையாமல் கிடக்கும். கண்டதையும் நினைக்க நேரம் தாராளம்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்களே, டபுள் போகி போட்டவன் மனசில் ஓடுவது அதுதான். அடுத்த ஹோலில் மரங்களுக்கு நடுவே இருக்கும் சந்தில் அடித்துப் பார்க்கத் தோன்றும். ஆனால் ஸ்கோர்கார்டில் சாணும் ஏறும், முழமும் ஏறும்.

2025 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் கடைசி நாளை எடுத்துக்கொள். ரோரி மெக்கில்ராய் 2 ஸ்ட்ரோக் (ஷாட்) முன்னிலையோடு இறங்கினார். முதல் ஹோலிலேயே டபுள் போகி, முன்னிலை காலி. மாஸ்டர்ஸ் நடக்கும் இதே அகஸ்டா மைதானத்தில் 2011இல் 4 ஸ்ட்ரோக் முன்னிலை வைத்திருந்து, கடைசி நாளில் 80 ஷாட் எடுத்துத் தோற்றவர் அவர்; குறைவாக எடுப்பவர்தானே இங்கே ஜெயிப்பது. அந்த நினைப்பு வராமலா இருந்திருக்கும்? 13ஆவது ஹோலில் ஒரு சின்ன பிட்ச் ஷாட்டை ஓடைக்குள் விட்டார், இன்னொரு டபுள் போகி. 18இல் ஜெயிக்க வேண்டிய புட் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் ஷாட்), ஐந்தடி தூரம் இருக்கும், அதுவும் போனது. ஸ்கோர் சமமானதால் பிளேஆஃபுக்கு அதே 18ஆவது ஹோலுக்குத் திரும்பி வந்து, பந்தைக் கொடிக்குப் பக்கத்தில் போட்டு, பேர்டி (கணக்கைவிட ஒரு ஷாட் குறைவு) எடுத்து ஜெயித்தார். அந்த வாரம் மொத்தம் 4 டபுள் போகி. அத்தனை போட்டுவிட்டு அங்கே பட்டம் வாங்கியவர் அதற்கு முன் யாருமில்லை.

கோபப்படாதே என்று சொல்ல மாட்டேன், அது நடக்காத காரியம். மட்டை பைக்குள் போகும்வரை திட்டிக்கொள். போனதும் விட்டுவிடு. நடக்கும்போது கூட ஆடுபவரோடு ஊர்க்கதை பேசு. பந்துக்குப் பக்கத்தில் வந்த பிறகு வேலையை ஆரம்பித்தால் போதும்: பின்னால் நின்று பந்து போகவேண்டிய வழியைப் பார், ஒரு தடவை சும்மா வீசிப் பார், மூச்சை விடு, அடி. முந்தின ஷாட் எப்படிப் போயிருந்தாலும் இந்த வரிசை மாறக்கூடாது. அடிக்கும்போது முழங்கை எங்கே, மணிக்கட்டு எங்கே என்று கவனிக்காதே. நன்றாகப் பழகிய கையைக் கண்காணிக்க ஆரம்பித்தால் அது தடுமாறும்; ஆராய்ச்சியாளர்கள் கோல்ஃப் ஆடுபவர்களை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். புட்டிங்கில் கண் பந்தின் மேலேயே நிற்கட்டும். பந்து கிளம்பிய பிறகும் ஒரு நொடி அந்த இடத்தை விட்டு எடுக்காதே.

மே மாதம் ஊருக்கு வா. உளுந்து எடுத்து முடித்திருப்போம், களம் காலியாக இருக்கும். சிமென்ட் களத்தில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், லேசாகத் தட்டினாலே போதும். சாயங்காலம் சூடு இறங்கியதும் ஒரு டம்ளரைப் படுக்கவைத்து மூன்றடியிலிருந்து அடி. தெருப் பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்துக் கத்தச் சொல்கிறேன். ஒரு புட் தவறினால் அத்தனை பேருக்கும் நீ ஐஸ் வாங்கித் தரவேண்டும். அந்தப் படபடப்பிலும் அதே வரிசை, அதே மூச்சு வருகிறதா என்று பார்ப்போம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்துவிட்டால் நாற்றங்கால் வேலை வந்துவிடும், எனக்கு நேரமிருக்காது. அதற்குள் வந்து சேர். மட்டையில் புட்டர் ஒன்று, வெட்ஜ் ஒன்று போதும், பையைத் தூக்கிக்கொண்டு வராதே.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமா,
திருவையாறு